ஜெயிக்கக்கூடியவரை நிறுத்துங்கள்: பிரைமரியில் ஓட்டுப் போடப்போகும் அமெரிக்கத் தமிழர்களுக்கு ஒரு திறந்த மடல்

ஜனநாயகக் கட்சியின் பிரைமரியில், அதாவது கட்சி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் தேர்தலில், ஓட்டுப் போடப்போகும் நண்பர்களுக்கு,

வணக்கம்.

2028 அதிபர் தேர்தலைப் பற்றி நம் வாட்ஸ்ஆப் குழுக்களில் வாக்குவாதம் இப்போதே சூடாகிவிட்டது. கட்சி யாரை நிறுத்த வேண்டும் என்று பேச்செடுத்தால் போதும், பத்து நிமிடத்தில் இரண்டு அணி பிரிந்துவிடுகிறது. மனத்தில் இருப்பதை ஒளிக்காமல் பேசுகிற, பெரிய மாற்றம் கேட்கிற இலட்சியவாதி வேண்டும் என்பது ஒரு அணி. கட்சிக்கு வெளியே இருப்பவர்களிடமும் ஓட்டு வாங்கக்கூடிய மிதவாதி வேண்டும் என்பது இன்னொரு அணி. இரண்டாவது அணியைக் கோழைகள் என்றும் கொள்கையில்லாதவர்கள் என்றும் சொல்வது இப்போது வழக்கமாகிவிட்டது. நான் அந்த இரண்டாவது அணிக்காரன். ஏன் என்பதை நிதானமாகச் சொல்லத்தான் இந்த மடல். சமீபத்தில் குடியுரிமை வாங்கி, முதல் பிரைமரிக்காகக் காத்திருக்கும் தம்பி தங்கைகள் இதைக் கட்டாயம் படிக்க வேண்டும் என்பது என் ஆசை.

தோற்றால் என்ன ஆகும் என்று நமக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. 2025 ஜனவரி 20, பதவியேற்ற அன்றைக்கே, பிறப்பால் வரும் குடியுரிமையைக் குறுக்கும் ஆணையில் டிரம்ப் கையெழுத்துப் போட்டார். எச்-1பி விசாவில் இருக்கும் தம்பதிக்கு இங்கே பிறக்கும் குழந்தையும் அந்த ஆணைக்குள் வந்தது. விஷயம் நீதிமன்றங்களுக்குப் போனது, தடை வந்தது. ஆனாலும் வயிற்றில் பிள்ளையோடு இருந்த பெண்கள் அந்த வாரம் எப்படித் தூங்கியிருப்பார்கள்? அதே ஆண்டு செப்டம்பரில் புதிய எச்-1பி விண்ணப்பத்துக்கு 1,00,000 டாலர் கட்டணம் என்று அறிவிப்பு வந்தது. யாருக்குப் பொருந்தும், யாருக்குப் பொருந்தாது என்பது தெளிவாவதற்குள், ஊருக்குப் போயிருந்தவர்கள் கிடைத்த விமானத்தைப் பிடித்துத் திரும்பி ஓடிவந்தார்கள். ஒரு தேர்தல் தோல்வி நம் வீட்டுக் கூடத்துக்குள் வந்து உட்காரும் என்பதை அந்த வாரக் கடைசியில் எல்லோரும் பார்த்தோம்.

அதனால் பிரைமரியில் நான் கேட்கும் முதல் கேள்வி, நவம்பரில் யார் ஜெயிப்பார் என்பதுதான். இதைச் சொல்ல எனக்குக் கூச்சம் இல்லை.

மேற்கு வர்ஜீனியாவில் நடந்ததைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். இந்த விவாதத்தில் எனக்குத் தெரிந்த மிகத் தெளிவான சான்று அதுதான். நிலக்கரிச் சுரங்கங்களின் மாநிலம் அது. 2016-இல் டிரம்ப் அங்கே 42 சதவீதப் புள்ளி வித்தியாசத்தில் ஜெயித்தார். அப்படிப்பட்ட இடத்தில் ஜனநாயகக் கட்சிக்கு ஒரு செனட்டர் இருந்தார், ஜோ மான்சின். நிலக்கரி, பட்ஜெட் என்று பல விஷயங்களில் கட்சிக்கு ஒத்துவராதவர். அவர் பெயரைச் சொன்னாலே நம் நண்பர்களுக்கு இரத்தம் கொதிக்கும்.

2018 பிரைமரியில் அவரை எதிர்த்து நின்றவர் பாலா ஜீன் ஸ்வெரஞ்சின். சுரங்கத் தொழிலாளியின் மகள். சுரங்கம் தன் குடும்பத்தின் உடம்பை என்ன செய்தது என்பதைக் கண்ணால் பார்த்தவர். எல்லோருக்கும் மருத்துவக் காப்பீடு, சுத்தமான தண்ணீர், நிலக்கரிக்குப் பிறகு வேறு வேலை என்று பேசினார். பேசியது அத்தனையும் நியாயம். பிரைமரியில் சுமார் 70-க்கு 30 என்ற கணக்கில் மான்சின் ஜெயித்தார். அந்த நவம்பரில் அவர் செனட் இடத்தைக் காப்பாற்றியது 20,000-க்கும் குறைவான ஓட்டு வித்தியாசத்தில். இரண்டு வருடம் கழித்து, அதே மாநிலத்தின் இன்னொரு செனட் இடத்துக்கு ஸ்வெரஞ்சின் பிரைமரியில் ஜெயித்து, கட்சியின் வேட்பாளராகவே நின்றார். குடியரசுக் கட்சியின் ஷெல்லி மூர் காப்பிட்டோவுக்குச் சுமார் 70 சதவீதம், இவருக்கு 27.

ஒரே மாநிலம், ஏறக்குறைய அதே மக்கள், நடுவில் இரண்டே வருடம். ஸ்வெரஞ்சினை எதிர்த்து நின்ற காப்பிட்டோ செல்வாக்குள்ளவர், அது அதிபர் தேர்தல் நடந்த வருடமும்கூட. அதையெல்லாம் கணக்கில் எடுத்த பிறகும் இந்த இடைவெளி மலைக்க வைக்கிறது. ஸ்வெரஞ்சின் மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு. ஆனால் அந்த 27 சதவீதத்தால் ஒரு குழந்தைக்கும் சோறு போட முடியவில்லை.

மான்சினின் அந்த ஒரு இடம் என்ன செய்தது என்று பாருங்கள். 2021-இல் செனட் 50-50. அவர் இல்லையென்றால் பெரும்பான்மையே இல்லை. அந்த மார்ச்சில் கொரோனா நிவாரணச் சட்டம் செனட்டில் 50-49 என்று நிறைவேறியது. குழந்தைகளுக்கான வரிச்சலுகையை உயர்த்தி, அதைச் சம்பாத்தியமே இல்லாத குடும்பத்துக்கும் மாதாமாதம் பணமாகக் கொடுத்தார்கள். அந்த வருடம் குழந்தை வறுமை 5.2 சதவீதமாக இறங்கியது, அதுவரை பார்க்காத அளவுக்கு. அப்புறம் நடந்ததையும் மறைக்க மாட்டேன். டிசம்பரில் அந்தத் திட்டத்தை நீட்டிக்க மான்சின் மறுத்துவிட்டார். 2022-இல் குழந்தை வறுமை 12.4 சதவீதத்துக்கு ஏறியது. அந்தக் கோபம் எனக்கு இன்றுவரை ஆறவில்லை. ஆனால் 2018 பிரைமரியில் அவரைத் தோற்கடித்திருந்தால் அந்த இடம் குடியரசுக் கட்சிக்குப் போயிருக்கும், செனட் குடியரசுக் கட்சித் தலைவர் மிட்ச் மெக்கானல் கையில் இருந்திருக்கும், அந்த ஒரு வருடமும் அந்தக் குழந்தைகளுக்குக் கிடைத்திருக்காது. 2024-இல் மான்சின் நிற்காமல் விலகினார். அந்த இடத்தைக் குடியரசுக் கட்சியின் ஜிம் ஜஸ்டிஸ் சுமார் 40 புள்ளி வித்தியாசத்தில் எடுத்துக்கொண்டார். அதைத் திரும்பப் பிடிக்க எத்தனை வருடம் ஆகுமோ.

இலட்சியவாதிகளே வேண்டாம் என்று நான் சொல்வதாக நினைத்துவிடாதீர்கள். இன்சுலின் கதையைக் கேளுங்கள். 2019 ஜூலையில் செனட்டர் பெர்னி சாண்டர்ஸ் சர்க்கரை நோயாளிகள் சிலரோடு டெட்ராய்ட்டிலிருந்து பஸ் ஏறி, எல்லை தாண்டிக் கனடாவின் விண்ட்ஸருக்குப் போனார். அங்கே மருந்துக்கடையில் அதே இன்சுலின் பத்தில் ஒரு பங்கு விலைக்குக் கிடைக்கும் என்பதை நாடு முழுக்கப் பார்க்க வைத்தார். அந்தக் குரல் இல்லையென்றால் இது தேர்தல் பிரச்சினையாகவே ஆகியிருக்குமா என்று எனக்குச் சந்தேகம். ஆனால் 2020 பிரைமரியில் அவர் ஜெயிக்கவில்லை, பைடன் ஜெயித்தார். 2022 ஆகஸ்டில் பணவீக்கக் குறைப்புச் சட்டம் செனட்டுக்கு வந்தபோது 50-50. துணை அதிபராக இருந்த கமலா ஹாரிஸ், நம் சியாமளா கோபாலனின் மகள், தன் ஓட்டைப் போட்டு அதை நிறைவேற்றினார். அந்த 50-இல் மான்சினும் ஒருவர். முதியோருக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிகேரில் இருப்பவர்களுக்கு இன்சுலின் மாதம் 35 டாலருக்கு மேல் போகக்கூடாது என்பது 2023 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. தனியார் காப்பீட்டில் இருப்பவர்களுக்கும் அதே உச்சவரம்பு கேட்டார்கள். 57 பேர் ஆதரித்தும் தேவையான 60 கிடைக்காமல் விழுந்தது. சாண்டர்ஸின் கோரிக்கை சட்டமானது, மான்சின் போன்றவர்களும் சேர்ந்து எண்ணிக்கை தேறியபோதுதான். இன்னும் மூன்று பேர் நம் பக்கம் இருந்திருந்தால் மிச்சமும் ஆகியிருக்கும். அந்த மூன்று பேர் சியாட்டிலிலிருந்தோ புரூக்ளினிலிருந்தோ வர மாட்டார்கள், அங்கே ஏற்கெனவே நாம்தான். வேறு மாதிரி ஊர்களிலிருந்து வர வேண்டும்.

சுவர் இருந்தால்தான் சித்திரம் என்பார்கள். பெரும்பான்மைதான் இங்கே சுவர்.

வாஷிங்டன் மாநிலத்தைப் பாருங்கள். சியாட்டில் தொகுதிக்குப் பிரமிளா ஜெயபால், சென்னையில் பிறந்தவர், கட்சியின் முற்போக்கு அணிக்குத் தலைமை வகித்தவர். அங்கே அவர் நிற்பது சரிதான், நான் அங்கே குடியிருந்தால் அவருக்குத்தான் ஓட்டுப் போடுவேன். அதே மாநிலத்தின் தென்மேற்கு மூலையில் மூன்றாவது தொகுதி. டிரம்புக்கு ஓட்டுப் போடும் பூமி. அங்கே கார் ரிப்பேர் கடை நடத்தும் மேரி க்ளூசன்காம்ப் பெரெஸ் 2022-இல் 3,000-க்கும் குறைவான ஓட்டில் ஜெயித்தார், 2024-இலும் ஜெயித்தார். சில ஓட்டெடுப்புகளில் கட்சிக்கு எதிராகப் போவார், எனக்கும் எரிச்சல் வரும். ஆனால் சபாநாயகர் தேர்தல் வந்தால் ஜெயபாலும் அவரும் ஒரே பெயரைத்தான் சொல்வார்கள்.

அந்தத் தொகுதி அவர் கைக்கு வந்த கதைதான் முக்கியம். அதை அதுவரை வைத்திருந்தவர் குடியரசுக் கட்சியின் ஜேமி ஹெரேரா பட்லர். 2021 ஜனவரி 6 கலவரத்துக்குப் பிறகு டிரம்பைப் பதவிநீக்கம் செய்ய ஓட்டுப் போட்ட பத்து குடியரசுக் கட்சி உறுப்பினர்களில் ஒருவர். அதற்குத் தண்டனையாக அவர் கட்சிக்காரர்களே அவரைப் பிரைமரியில் வீழ்த்தி, டிரம்பின் ஆதரவு பெற்ற ஜோ கென்ட்டை முன்னுக்குக் கொண்டுவந்தார்கள். இடம் கைமாறியது. அதே 2022-இல் ஜார்ஜியாவில் ஒரே ஓட்டுச்சீட்டில் இரண்டு குடியரசுக் கட்சி வேட்பாளர்கள். 2020 முடிவை மாற்றச் சொல்லி டிரம்ப் நெருக்கியபோது மசியாத கவர்னர் பிரையன் கெம்ப் ஒருவர், செனட்டுக்கு நின்ற, டிரம்ப் தூக்கிப் பிடித்த ஹெர்ஷல் வாக்கர் இன்னொருவர். கெம்ப் சுலபமாக ஜெயித்தார். வாக்கருக்கு அவரைவிடச் சுமார் 2 லட்சம் ஓட்டு குறைவு. மறுதேர்தல் வரை போய்த் தோற்றார். எதிர்க்கட்சியின் பிரைமரி வாக்காளர்கள் செய்த தவறால் அந்தச் செனட் இடம் நம்மிடமே தங்கியது. அதே தவறை நாம் அவர்களுக்குப் பரிசாகத் திருப்பிக் கொடுக்க வேண்டுமா?

சரி, உங்கள் பதில் எனக்குத் தெரியும். "2004-இல் ஜெயிப்பார் என்றுதானே கெர்ரியை நிறுத்தினார்கள்? 2016-இல் ஜெயிப்பார் என்றுதானே ஹிலரி? இருவரும் தோற்றார்களே?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. இதைத் தட்டிக்கழிக்கும் மிதவாதிகளோடு எனக்கும் ஒத்துப்போகாது.

கெர்ரியை ஏன் எடுத்தார்கள்? வியட்நாமில் பதக்கம் வாங்கியவர், போர்க்காலத்தில் புஷ்ஷுக்கு எதிராக நிற்க இவர்தான் பொருத்தம் என்று நினைத்தார்கள். அதாவது ஒஹாயோவில் இருக்கும் யாரோ ஒருவருக்கு என்ன பிடிக்கும் என்று, முதலில் ஓட்டெடுப்பு நடந்த அயோவாவில் உட்கார்ந்து ஊகித்தார்கள். இராக் போருக்கு அனுமதி கொடுத்து ஓட்டுப் போட்டவர் கெர்ரி. அதனால் அந்தப் போரைப் பற்றி ஒரு நேர் வாக்கியம் பேச அவரால் முடியவில்லை. ஒஹாயோ சுமார் 1,18,000 ஓட்டில் போனது. 2016-இலோ எச்சரிக்கை பிரைமரியிலேயே வந்தது. மிச்சிகன் பிரைமரியிலும் விஸ்கான்சின் பிரைமரியிலும் ஹிலரி சாண்டர்ஸிடம் தோற்றார். நவம்பரில் பென்சில்வேனியாவோடு சேர்ந்து கைவிட்டுப் போனவை அந்த இரண்டு மாநிலங்கள்தான். மூன்றிலும் சேர்த்து வித்தியாசம் 80,000 ஓட்டைத் தொடவில்லை.

ஆகவே, பழகிய முகம், நீண்ட அனுபவம், பெரிய பணமூட்டை, கட்சித் தலைவர்களின் ஆசி ஆகிய எதுவும் ஜெயிக்கும் தகுதி ஆகாது. "இந்த நாடு இன்னும் ஒரு பெண்ணுக்குத் தயாராகவில்லை", "நம் நிறத்தில் ஒருவர் நின்றால் கிராமத்தில் ஓட்டு விழாது" என்று நம்மவர்களே சொல்வதும் ஆகாது. அது அடுத்தவரின் வெறுப்பை நாமே முன்கூட்டி அவர்களுக்காகச் செயல்படுத்துவது. 2008 ஜனவரியில், பத்தில் ஒன்பது பேர் வெள்ளையராக இருந்த அயோவாவில் ஒபாமா ஜெயித்துக் காட்டினார். அந்தப் பிரைமரியில் அவர் பேச்சு இலட்சியவாதியின் பேச்சு. ஆனால் காப்பீட்டை எல்லாருக்கும் கட்டாயமாக்குவது பற்றிய விவாதத்தில் ஹிலரியைவிட மிதமாக நின்றவரும் அவர்தான். இதைப் பலர் மறந்துவிட்டார்கள்.

நான் பார்ப்பது ஒன்றைத்தான்: வழக்கமாக நமக்கு ஓட்டுப் போடாதவர்களிடம் இவர் இதற்கு முன் ஓட்டு வாங்கியிருக்கிறாரா? கென்டக்கியில் டிரம்ப் மூன்று முறை பெரிய வித்தியாசத்தில் ஜெயித்திருக்கிறார். அங்கேயே ஆண்டி பெஷியர் 2019-இலும் 2023-இலும் ஜனநாயகக் கட்சியின் கவர்னராக ஜெயித்தார். கருக்கலைப்பு உரிமையைப் பற்றி வாய்மூடிக்கொண்டு அல்ல, அதைப் பேசியே ஜெயித்தார். இப்படி ஒரு பதிவு இருந்தால் அது சான்று. "நான் நின்றால் இதுவரை ஓட்டே போடாத இளைஞர்கள் வெள்ளமாக வருவார்கள்" என்பது சான்று அல்ல. பல மாநிலங்கள் ஒரே நாளில் பிரைமரி நடத்தும் சூப்பர் செவ்வாய்க்கு மறுநாள், 2020-இல், இளைஞர்களை எதிர்பார்த்த அளவுக்குக் கொண்டுவர முடியவில்லை என்று சாண்டர்ஸே ஒப்புக்கொண்டார். அவருடைய நேர்மைக்காக அதை இங்கே சொல்கிறேன்.

அந்தச் சூப்பர் செவ்வாய்க்கு மூன்று நாள் முன்னால், பிப்ரவரி 29 அன்று, தென் கரோலினா. அயோவாவில் நான்காவது, நியூ ஹாம்ப்ஷயரில் ஐந்தாவது என்று தள்ளப்பட்டிருந்த பைடனைத் தூக்கி நிறுத்தியவர்கள் அங்கிருந்த கறுப்பின வாக்காளர்கள், குறிப்பாக வயதில் மூத்தவர்கள். அந்த மாநிலத்தின் மூத்த கறுப்பின எம்.பி. ஜிம் கிளைபர்ன் கை காட்டினார், கறுப்பின வாக்காளர்களில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் பைடனுக்குப் போட்டார்கள். "கட்சி மேலிடத்தின் சதி" என்று இன்றும் நம் குழுவில் எழுதுகிறார்கள். ஓட்டுரிமைக்காக அடியும் உதையும் வாங்கிய தலைமுறை அது. தோற்றால் முதலில் அடிபடப்போவது தங்கள் வீடுதான் என்பது நம்மைவிட அவர்களுக்கு நன்றாகத் தெரியும். அவர்களுடைய கணக்கைக் கோழைத்தனம் என்று சொல்ல எனக்கு நாக்கு எழாது. அந்த நவம்பரில் அரிசோனா, ஜார்ஜியா, விஸ்கான்சின் மூன்றும் சேர்ந்து சுமார் 43,000 ஓட்டில்தான் பைடன் பக்கம் விழுந்தன. வேறு யாராவது நின்றிருந்தால் அந்த 43,000 என்ன ஆகியிருக்கும் என்று யோசிக்கவே பயமாக இருக்கிறது.

2024-ஐயும் பேசியாக வேண்டும். பைடனுக்கு வயது 81. அவர் மறுபடி நிற்க வேண்டுமா என்ற சந்தேகம் கட்சிக்காரர்களுக்கே இருந்தது, பிரைமரி பெயரளவுக்குத்தான் நடந்தது. ஜூலை 21 அன்று விலகினார், ஹாரிஸுக்குக் கிடைத்தது 107 நாள். பிரைமரி என்பது சோதிப்பதற்கு. உண்மையான போட்டியைத் தவிர்த்துவிட்டு "இவர்தான் பாதுகாப்பான வேட்பாளர்" என்று யாரையும் நம் தலையில் கட்டக்கூடாது. அதை மிதவாதிகள் செய்தால் நானும் எதிர்ப்பேன்.

இங்கே நியூ ஜெர்சியில் அப்படிக் கட்டுவதற்கென்றே ஓட்டுச்சீட்டு இருந்தது. மாவட்டக் கட்சி யாருக்கு ஆதரவோ அவர்கள் பெயரெல்லாம் ஒரே வரிசையில், மேலிருந்து கீழாக வடிவாக நிற்கும். எதிர்த்து நிற்பவர் பெயர் எங்கோ ஓரத்தில், தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். செனட்டுக்கு நின்ற ஆண்டி கிம் வழக்குப் போட்டு, 2024 மார்ச்சில் கூட்டாட்சி நீதிபதி அந்த முறையை நிறுத்தினார். அதன் பிறகு 2025 ஜூனில் நடந்த முதல் கவர்னர் பிரைமரியில் ஆறு பேர். எனக்குத் தெரிந்த இளையவர்களில் பலர் நெவார்க் மேயர் ராஸ் பராக்கா பக்கம். குடியேறிகளை அடைத்துவைக்கும் டெலனி ஹால் மையத்தின் முன்னால் அந்த மே மாதம் கைதானவர் அவர். பிறகு குற்றச்சாட்டைக் கைவிட்டார்கள். அவர் துணிச்சல் எனக்கும் பிடித்தது. நான் மிக்கி ஷெரிலுக்குத்தான் ஓட்டுப் போட்டேன். கடற்படையில் ஹெலிகாப்டர் ஓட்டியவர், அரசு வழக்கறிஞராக இருந்தவர், காலங்காலமாகக் குடியரசுக் கட்சி வைத்திருந்த தொகுதியை 2018-இல் பிடித்தவர். 2021-இல் நம் கவர்னர் மூன்று புள்ளியில்தான் தப்பினார், 2024-இல் ஹாரிஸ் இங்கே ஜெயித்தது ஆறு புள்ளியில்தான். அந்த ஜூனில் நம் கையில் இருந்த தகவல் அவ்வளவுதான். அதை வைத்துத்தான் முடிவெடுக்க முடியும்.

பிரைமரியில் ஷெரில் ஜெயித்தார், பராக்கா இரண்டாவது. அந்தக் கோடையில் மின்சாரக் கட்டணம் ஏறியது. எங்கள் தெருவில் யாரைப் பார்த்தாலும் பில்லைத்தான் காட்டினார்கள். அதையே பிடித்துக்கொண்டு பேசினார் ஷெரில். நவம்பரில் 13 புள்ளிக்கும் மேல் வித்தியாசத்தில் ஜெயித்தார். அதே நாள் வர்ஜீனியாவில் இன்னொரு மிதவாதி அபிகெயில் ஸ்பான்பெர்கர். பராக்காவும் ஜெயித்திருப்பார் என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். ஜெயித்திருக்கலாம், நான் மறுக்கவில்லை.

ஹட்சன் ஆற்றுக்கு அந்தப் பக்கம், அதே நாளில், சோஹ்ரான் மம்தானி நியூயார்க் மேயர் தேர்தலில் ஜெயித்தார். என் வாதத்துக்கு இது எதிர்ச்சான்று என்று எனக்கு எத்தனையோ பேர் அனுப்பினார்கள். நான் அப்படிப் பார்க்கவில்லை. நியூயார்க் நகரம் ஜனநாயகக் கட்சியின் கோட்டை. அங்கே இலட்சியவாதியை நிறுத்துவதால் எதிர்க்கட்சிக்கு இடம் போகாது. அவருக்கு எதிரே "பாதுகாப்பான ஆள்" என்று நிறுத்தப்பட்டவர், பாலியல் தொல்லைப் புகார்களுக்கு நடுவே 2021-இல் கவர்னர் பதவியை விட்டுப்போன ஆண்ட்ரூ கூமோ. இதில் மிதவாதம் எங்கே இருக்கிறது? நான் நியூயார்க்கில் இருந்திருந்தால் மம்தானிக்குத்தான். ஷெரில் மின்சார பில்லைப் பேசினார், மம்தானி வீட்டு வாடகையைப் பேசினார். இருவரும் தங்கள் ஊர்க்காரர்களின் மாதச் செலவைப் பேசினார்கள். ஊருக்கு ஏற்ற ஆள் என்று நான் சொல்வது இதைத்தான்.

அதிபர் தேர்தலுக்கு நியூயார்க் போதாது, நியூ ஜெர்சியும் போதாது. 2024 இலையுதிர் காலத்தில் எங்களில் சிலர் டெலவேர் ஆற்றைத் தாண்டிப் பென்சில்வேனியாவின் பக்ஸ் கவுண்டிக்கு, வீடு வீடாகக் கதவு தட்டப் போனோம். லெவிட்டவுனில் ஒரு வீடு. கராஜ் கதவைத் திறந்து போட்டு, புல்வெட்டும் இயந்திரத்தைக் கழற்றிக்கொண்டிருந்தார் அந்த வீட்டுக்காரர், அறுபது வயது இருக்கும். கையைத் துடைத்துக்கொண்டே பேசினார். ஒபாமாவுக்கு இரண்டு முறை போட்டாராம், அப்புறம் டிரம்ப், அப்புறம் பைடன். இந்த முறை முடிவெடுக்கவில்லை. நான் கையில் இருந்த தாளைப் பார்த்து ஒவ்வொரு கொள்கையாகச் சொல்லிக்கொண்டு வந்தேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு மாநிலக் கவர்னர் ஷாப்பிரோவைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். "ஐ-95 பாலம் இடிந்து விழுந்ததே, ஞாபகம் இருக்கா? மாசக்கணக்கில் ஆகும்னாங்க. பன்னிரண்டே நாளில் ரோட்டைத் திறந்துட்டார். அந்த மாதிரி ஆள் நின்னா நான் யோசிக்கவே மாட்டேன்" என்றார். ஷாப்பிரோ எந்த அணி, எந்தக் கொள்கை என்று அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. அந்த வருடம் பக்ஸ் கவுண்டி மயிரிழையில் டிரம்ப் பக்கம் போனது. மாநிலமும் போனது.

அவரைப் போன்றவர்களை "படிக்காதவர்கள்", "வெறுப்பில் ஊறியவர்கள்" என்று நம் குழுக்களில் சாதாரணமாக எழுதுகிறோம். அவர் மூன்று அதிபர்களுக்கு மாறி மாறி ஓட்டுப் போட்டவர். யார் தனக்கு என்ன செய்தார் என்று பார்த்துப் போட்டவர். அவரிடம் போய் நிற்கக்கூடிய ஒருவரை அனுப்புவது எப்படிக் கொள்கைத் துரோகம் ஆகும்?

மிதவாத வேட்பாளர்களுக்கும் அவர்கள் பக்கம் வேலை செய்பவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். "நான் அவர் இல்லை" என்பது மட்டுமே உங்கள் பேச்சு என்றால் எங்கள் ஓட்டை எதிர்பார்க்காதீர்கள். உங்களால் ஜெயிக்க முடியும் என்று நம்பித்தான் எங்களுக்குப் பிடித்தவரை விட்டுவிட்டு உங்களுக்குப் போடுகிறோம். ஜெயித்த பிறகு அந்த இலட்சியவாதிகளை வாசலில் நிற்க வைக்காதீர்கள். 2020-இல் பைடனும் சாண்டர்ஸும் கூட்டுக் குழுக்கள் அமைத்துக் கொள்கையை எழுதினார்கள். குடியேற்றம், மருத்துவம், பருவநிலை என்று இரு தரப்பும் ஒரே மேசையில் உட்கார்ந்தது. 2028-இலும் அதைச் செய்வதாக பிரைமரி நடக்கும்போதே வாக்குக் கொடுங்கள், முடிந்த பிறகு அல்ல.

இலட்சியவாதிகளுக்காக உழைக்கும் தம்பி தங்கைகளே, உங்கள் உழைப்பைக் குறைக்கச் சொல்லவில்லை. கோட்டையான தொகுதிகளில் உங்கள் ஆளை நிறுத்துங்கள், நான் பணமும் கொடுப்பேன், கதவும் தட்டுவேன். டிரம்பும் நாமும் சமபலத்தில் இருக்கும் இடத்தில் மட்டும், ஓட்டுப் போடுவதற்கு முந்தின இரவு, உங்கள் வேட்பாளர் கடைசியாக எந்தக் கடினமான ஊரில் ஜெயித்தார் என்று தேடிப் பாருங்கள். பதில் கிடைத்தால் தயங்காமல் அவருக்கே போடுங்கள், எனக்கும் சொல்லுங்கள், என் ஓட்டும் அவருக்குத்தான். கிடைக்கவில்லை என்றால் பட்டியலில் அடுத்த பெயரையும் ஒரு முறை படியுங்கள்.

அப்புறம், உங்கள் பதிவைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். கட்சிப் பதிவு விதி தெரியாமல் பிரைமரி அன்று திரும்பி வந்தவர்கள் நம்மில் நிறையப் பேர். பென்சில்வேனியாவில் இருப்பவர்கள் பிரைமரிக்கு 15 நாள் முன்பே கட்சியில் பதிந்திருக்க வேண்டும். சுயேச்சையாகப் பதிந்திருந்தால் கட்சியின் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்க முடியாது. நியூ ஜெர்சியில் எந்தக் கட்சியிலும் சேராதவர்கள் அன்றைக்கே வாக்குச்சாவடியில் கட்சியைச் சொல்லி ஓட்டுப் போடலாம். 2026 முதல் இன்னொரு வசதியும் வந்திருக்கிறது: வீட்டில் 17 வயதுப் பிள்ளை இருந்து, நவம்பர் பொதுத்தேர்தலுக்குள் 18 முடிகிறதென்றால், அந்தப் பிள்ளையும் பிரைமரியில் ஓட்டுப் போடலாம். கூட அழைத்துக்கொண்டு போங்கள், யாருக்குப் போடுவது என்று காரிலேயே சண்டை போட்டுக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
எடிசனிலிருந்து ஒரு வாக்காளன்